எபிரேயச் சொல்லை வேரோடு பிடிக்க: யூதர் வீட்டிலும் ஜெபாலயத்திலும் காதில் விழும் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

எபிரேயம் படிக்க உட்காரும் தமிழர் யாரும் வெறுங்கையோடு உட்காருவதில்லை. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா, மேசியா, சாத்தான், யூபிலி எல்லாமே எபிரேயம்தான். ஊரில் ஒரு மாதாகோவில் இருந்தால் போதும், ஒலிபெருக்கி வழியாக இவை எல்லார் காதிலும் விழுந்திருக்கும். பொருள் கேட்டால்தான் தடுமாறுவோம். 'அல்லேலூயா' இரண்டு சொல்: 'ஹல்லெலு' என்றால் 'துதியுங்கள்', பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல். 'யா' என்பது கடவுள் பெயரின் குறுக்கம். 'ஓசன்னா' இன்று வாழ்த்தொலி போலக் கேட்டாலும் 'ஹோஷியா நா', அதாவது 'காப்பாற்றும், ஐயா' என்கிற கூக்குரலில் பிறந்தது.

புதிதாகத் தொடங்குபவர் செய்கிற முதல் தவறு, நோட்டில் நடுக்கோடு போட்டு இடது பக்கம் எபிரேயம், வலது பக்கம் தமிழ் என்று எழுதி மனப்பாடம் செய்வது. ஷாலோம் = சமாதானம், ட்ஸெதாக்கா = தானம், மஸால் தோவ் = வாழ்த்துகள். முதல் மாதம் இது ஓடும். பிறகு ஒரு யூதக் குடும்பத்தின் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கோ துக்க வீட்டுக்கோ போனால் பட்டியல் கைவிட்டுவிடும். சொல் சரியாக இருக்கும், சொன்ன நேரம் தவறாக இருக்கும்.

ஆகவே ஒரு சொல் கிடைத்ததும் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் வேர் எது? இது எந்த மொழி? இதை எப்போது சொல்கிறார்கள்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை தமிழ்ப் பொருளை எழுத வேண்டாம்.

முதல் வேலை: 22 எழுத்து

தமிழில் எழுதிவைத்தே சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். எபிரேயத்தில் 'ஹே' என்றோர் எழுத்து உண்டு, மெல்லிய மூச்சு. 'ஹெத்' என்று இன்னொன்று உண்டு, தொண்டையை உரசி வரும். தமிழில் இரண்டுக்கும் 'ஹ' ஒன்றுதான். 'ஹலாஹா' என்ற சொல்லையும் ஓய்வுநாளான ஷப்பாத்துக்குரிய ரொட்டி 'ஹல்லா'வையும் அடுத்தடுத்து எழுதினால் ஒரே குடும்பம் போலத் தெரியும். முன்னதின் முதலெழுத்து ஹே, பின்னதின் முதலெழுத்து ஹெத். இரண்டுக்கும் உறவே இல்லை. 'கோல்' என்று ஒலிக்கும் சொல் இரண்டு உண்டு: காஃப் போட்டு எழுதினால் 'எல்லாம்', கோஃப் போட்டு எழுதினால் 'குரல்'. பாவநிவாரண உபவாச நாளான யோம் கிப்பூர் மாலையில் ஓதும் 'கோல் நித்ரே' முதல் வகை, 'எல்லா நேர்ச்சைகளும்' என்று பொருள். காது இதைச் சொல்லித் தராது, எழுத்துதான் சொல்லும்.

நாளுக்கு மூன்றெழுத்து வீதம் எட்டு நாளில் 22 எழுத்தும் முடிந்துவிடும். வலமிருந்து இடமாக எழுதுவது மூன்றாம் நாளே பழகிவிடும். காஃப், மேம், நுன், பே, ட்ஸாதி ஆகிய ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு உருவம் உண்டு, அவற்றை ஒன்பதாம் நாளுக்கு ஒதுக்குங்கள். அதன் பிறகு ஒரு வாரம் எழுத்துக்குக் கீழும் மேலும் வரும் உயிர்க்குறிகளுக்கு. அவற்றுக்கு 'நிக்குத்' என்று பெயர், 'புள்ளியிடுதல்' என்று பொருள். ஜெபப் புத்தகத்தில் இந்தக் குறிகள் இருக்கும். மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளில் இருக்காது, செய்தித்தாளிலும் இருக்காது.

தமிழருக்கு ஓரிடம் எளிது. 'பல்' என்பதில் வரும் ப வேறு ஒலி, 'அன்பு' என்பதில் வரும் ப வேறு ஒலி, எழுத்து ஒன்றே. எபிரேயத்தில் பெத், காஃப், பே மூன்றும் இப்படித்தான் இடம் பார்த்து ஒலி மாறும்: பெத் சில இடத்தில் 'வ', காஃப் சில இடத்தில் தொண்டை உரசும் 'ஹ', பே சில இடத்தில் 'ஃப'. வல்லொலிக்கு எழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைப்பார்கள். மற்றவர் மாதக்கணக்கில் திணறும் இந்த இடம் நமக்கு வீட்டுப்பழக்கம்.

தடுமாறும் இடம் தாலெத்தும் ரேஷும். இரண்டும் கவிழ்த்த கைத்தடி போல இருக்கும். தாலெத்தின் மூலை கூர்மையாக இருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். இந்த ஒரு மூலைக்காகவே எழுத்தர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். உபாகமம் 6:4-இல் வரும் 'ஷெமா' ஜெபத்தின் கடைசிச் சொல் 'எஹாத்', அதாவது 'ஒருவர்'. தாலெத்தை ரேஷாகப் படித்துவிட்டால் 'அஹேர்', அதாவது 'வேறொருவர்'. ஒரே கடவுள் என்று அறிக்கையிடும் இடத்தில் வேறு கடவுள் வந்துவிடும். தோரா சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவார்கள், முதற்சொல்லான 'ஷெமா'வின் கடைசி எழுத்தான ஆயினையும் பெரிதாக எழுதுவார்கள். ஆயினும் தாலெத்தும் சேர்ந்தால் 'ஏத்', 'சாட்சி' என்று பொருள். வாய்ப்புக் கிடைத்தால் சுருளில் இந்த வரியைக் கண்ணால் பாருங்கள். விரலால் மட்டும் தொட வேண்டாம். படிக்கிறவரே 'யாத்' என்னும் வெள்ளிக் குச்சியால்தான் வரியைச் சுட்டுவார். 'யாத்' என்றால் 'கை'.

வேரைப் பிரித்தெடுப்பது

எபிரேயச் சொல் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரின் மீது நிற்கும். அதற்கு 'ஷோரெஷ்' என்று பெயர், அந்தச் சொல்லுக்கே 'வேர்' என்றுதான் பொருள்.

பிரிக்கும் முறை இது. முதலில் சொல்லின் தலையைப் பாருங்கள். மேம், ஷின், ஹே, வாவ், காஃப், லாமெத், பெத் ஆகிய ஏழும் முன்னொட்டாக வரக்கூடியவை: 'இருந்து', 'என்கிற', 'அந்த', 'உம்', 'போல', 'க்கு', 'இல்'. ஏழையும் வரிசையாகச் சேர்த்தால் 'மோஷே வெ காலேவ்', மோசேயும் காலேபும். மாணவர்கள் இப்படித்தான் நினைவில் வைக்கிறார்கள். அடுத்து வாலைப் பாருங்கள். 'இம்', 'ஓத்' இரண்டும் பன்மை, கடைசியில் வரும் 'ஆ' பெரும்பாலும் பெண்பால். தலையும் வாலும் போனபின் உள்ளே மூன்று மெய் நின்றால் அதுதான் வேர். 'மிஹ்தாவ்' என்றால் கடிதம். மேமைக் கழற்றுங்கள்: காஃப், தாவ், பெத். 'எழுது' என்னும் வேர். 'காதவ்' எழுதினான், 'கெதுபா' திருமண ஒப்பந்தம். எழுதிவைத்தது என்பதே கெதுபாவின் பொருள். மணமகன் மனைவிக்குப் பட்டிருக்கும் கடமைகள் அதில் இருக்கும், முதல் மணப்பெண்ணுக்கு 200 ஸூஸ் (பழைய வெள்ளிக் காசு), விதவைக்கு 100 ஸூஸ் என்ற பழைய தொகையோடு.

வேர் பிடிபட்டுவிட்டால் ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் கூட வரும். கோஃப்-தாலெத்-ஷின் என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி 'புனிதம்' என்று சொல்லும், அது பாதிதான். உள்ளே இருப்பது 'தனியே ஒதுக்கி வைத்தல்'. ஊரில் சாமிக்கு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டால் அது மற்ற ஆட்டோடு மேய்ந்தாலும் மற்ற ஆடு இல்லை, விற்க முடியாது, அடிக்க முடியாது. அந்த 'நேர்ந்துவிட்ட' தன்மைதான் 'காதோஷ்'. இப்போது உறவுகளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு திராட்சைரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சொல்வது 'கித்துஷ்': அந்த நாளை மற்ற ஆறு நாளிலிருந்து ஒதுக்குகிறார்கள். எருசலேம் ஆலயம் 'பெத் ஹமிக்தாஷ்': ஒதுக்கப்பட்ட வீடு. தோரா சுருள் இருக்கும் பேழை 'அரோன் ஹகோதெஷ்'. திருமணத்தின் முதற்பகுதி 'கித்துஷின்': மோதிரம் அணிவிக்கும்போது மணமகன் 'ஹரே அத் மெகுதெஷெத் லி' என்கிறான், 'நீ எனக்கென்று ஒதுக்கப்பட்டவள்'. 'புனிதப்படுத்தப்பட்டவள்' என்று மொழிபெயர்த்தால் அந்த வரி உயிரற்றுப்போகும்.

ஷின்-பெத்-தாவ் என்ற வேரும் அப்படி. 'ஷப்பாத்' என்பதை 'ஓய்வுநாள்' என்று வேதாகமத் தமிழ் சொல்லும். வேரின் பொருள் 'நிறுத்து'. இன்றைய இஸ்ரேலில் வேலைநிறுத்தத்துக்கு 'ஷ்விதா' என்கிறார்கள், அதே வேர்தான். களைப்பாறுவதற்காக அல்ல, செய்துகொண்டிருந்ததை நிறுத்துவதற்காக வரும் நாள் என்று புரிந்தால், ஷப்பாத் விதிகள் ஏன் 'செய்யாதே' என்ற வடிவில் இருக்கின்றன என்பதும் புரியும். மேம்-ஷின்-ஹெத் என்றால் 'எண்ணெய் பூசு'. 'மேசியா' என்றால் பூசப்பட்டவர், அரசராக அபிஷேகம் பெற்றவர். அதே வேரில்தான் பற்பசைக்கு 'மிஷ்ஹத் ஷினாயிம்' என்ற சொல்லும் வருகிறது.

எங்கே தவறும்? யோத், வாவ், நுன், ஹே நான்கும் பலவீனமானவை, சொல் உருவாகும்போது காணாமல் போகும். 'தோரா'வில் யோத்-ரேஷ்-ஹே ஒளிந்திருக்கிறது, 'வழிகாட்டு, கற்பி' என்று பொருள். தோராவைச் 'சட்டம்' என்றே எழுதும் பழக்கம் இந்த வேரை மறைத்துவிடுகிறது, ஆசிரியருக்கு 'மோரே' என்று பெயர் வந்ததும் இங்கிருந்துதான். இன்னொரு பொறி 'யெஷிவா'வும் 'ஷிவா'வும். யெஷிவா என்பது தோரா கற்கும் பாடசாலை, வேர் 'உட்கார்'. ஷிவா என்பது துக்கத்தின் ஏழு நாள், வேர் 'ஏழு'. துக்கம் காப்பவர்கள் தாழ்ந்த ஆசனத்தில் உட்கார்ந்திருப்பதால் 'ஷிவா என்றாலே உட்காருதல்' என்று பலர் நினைக்கிறார்கள், எழுத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு. (சிவபெருமான் பெயரோடும் இதற்குத் தொடர்பில்லை.) ஏழு முடிந்தால் 'ஷ்லோஷிம்', முப்பது நாள்.

எந்த மொழி என்று பார்ப்பது

யூதர் வாயில் வரும் எல்லாச் சொல்லும் எபிரேயம் இல்லை. எபிரேயத்தின் பழைய உறவுமொழியான அராமேயமும், கிழக்கு ஐரோப்பிய யூதரின் பேச்சுமொழியான இத்திஷும் கலந்திருக்கும். வேர் பிடிபடாமல் அரைமணி நேரம் போராடினால், அது எபிரேயமே இல்லாமல் இருக்கலாம்.

மகனுக்கு எபிரேயத்தில் 'பென்', அராமேயத்தில் 'பார்'. 13 வயது ஆணுக்கான 'பார் மிட்ஸ்வா'வில் முதற்சொல் அராமேயம், 'கட்டளைக்கு உட்பட்டவன்' என்று பொருள். விழாவின் பெயர் என்பதைவிட அந்தப் பையனின் நிலைக்கான பெயர் அது. விழா வைக்காவிட்டாலும் 13 ஆனால் அவன் பார் மிட்ஸ்வாதான். பெண்ணுக்கு 'பாத் மிட்ஸ்வா', மரபில் 12 வயது. சொல் 'ஆ' என்று முடிந்து எபிரேயப் பெண்பாலுக்குப் பொருந்தாவிட்டால் அராமேயமோ என்று சந்தேகப்படுங்கள். இறந்தவரைக் கழுவி உடுத்தி அடக்கம் செய்யும் குழுவான 'ஹெவ்ரா கதிஷா' அப்படித்தான், 'பரிசுத்தக் கூட்டம்'. துக்கத்தில் இருப்பவர் சொல்லும் 'கதீஷ்' ஜெபமும் பெரும்பகுதி அராமேயம். அதில் சாவு பற்றி ஒரு சொல்கூட இல்லை, முழுக்கக் கடவுளின் பெயரைப் பெருமைப்படுத்துவதுதான். 'இறந்தோருக்கான ஜெபம்' என்று குறித்துவைத்துவிட்டு உள்ளே சாவைத் தேடினால் கிடைக்காது.

ஜெபாலயத்துக்கு 'ஷூல்', ஜெபிப்பதற்கு 'தாவென்', ஆண்டு நினைவுநாளுக்கு 'யார்ட்ஸைட்' என்று கேட்டால் அது இத்திஷ், கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாஸி வீடு என்று புரிந்துகொள்ளலாம். அவர்களுடைய எபிரேய உச்சரிப்பிலும் ஒரு பழைய வழக்கு உண்டு: புள்ளியில்லாத தாவை 'ஸ்' என்பார்கள். ஷப்பாத் 'ஷப்பஸ்' ஆகும், விருத்தசேதன உடன்படிக்கையான 'ப்ரித்' 'ப்ரிஸ்' ஆகும், ஜெபச் சால்வையான 'தல்லித்' 'தல்லிஸ்' ஆகும். இரண்டையும் தனித்தனிச் சொல்லாக எழுதி நோட்டை நிரப்பாதீர்கள். 'கோஷெர்' என்பதும் அந்த உச்சரிப்புத்தான். இஸ்ரேலியர் 'காஷெர்' என்பார்கள், 'தகுதியானது'. அங்கே 'கோஷெர்' என்றால் உடல்தகுதி, உடற்பயிற்சிக்கூடத்துக்கு 'ஹதர் கோஷெர்' என்று பலகை இருக்கும். சாப்பாட்டைத் தேடி அங்கே நுழைய வேண்டாம்.

மொழிபெயர்ப்பு ஏமாற்றும் சில சொற்கள்

'ட்ஸெதாக்கா'. ஏழைக்குப் பணம் கொடுப்பது. ஆனால் வேர் ட்ஸாதி-தாலெத்-கோஃப், 'நீதி'. நீதிமானுக்கு 'ட்ஸத்திக்' என்று பெயர். கொடுப்பவர் தயவு காட்டுவதாக இந்தச் சொல் சொல்லவில்லை, ஏழைக்குச் சேரவேண்டியது சேர்கிறது என்கிறது. வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுக்கும் வழக்கத்துக்கு 'மஅஸேர்' என்று பெயர், 'பத்து' என்ற வேர். கொடுப்பதில் எட்டுப் படி வகுத்த இடைக்கால யூத அறிஞர் மைமோனிதெஸ், கடன் கொடுத்தோ கூட்டாளியாகச் சேர்த்தோ வேலை தந்தோ ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கவைப்பதை உச்சியில் வைத்தார். 'தானம்' என்று எழுதினால் இது தொலைந்துபோகும். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: அறம். அறத்துக்குள் நீதியும் இருக்கிறது, அறக்கட்டளை என்னும்போது கொடையும் இருக்கிறது. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் சொல் எல்லா மொழிக்கும் வாய்ப்பதில்லை.

'ஹலாஹா' என்பதைச் 'சமயச் சட்டம்' என்கிறார்கள். வேர் 'நட'. நடக்கும் வழி. நம் 'ஒழுக்கம்' என்ற சொல்லும் 'ஒழுகு' என்பதிலிருந்து வந்ததுதானே, ஓடிச்செல்லும் நீரைப் போல வழி பிடித்துச் செல்வது. 'மிட்ஸ்வா' என்றால் கட்டளை. பேச்சுவழக்கில் 'நல்ல காரியம்' என்ற பொருளிலும் வரும், ஆனால் 613 மிட்ஸ்வா என்று எண்ணும்போது கட்டளைதான். 'அவோதா' என்றால் வேலை, ஆலய வழிபாடும் அதே சொல். தமிழில் 'திருப்பணி' என்றும் 'அலுவலகப் பணி' என்றும் சொல்கிறோமே, அதுதான். 'தெஷுவா'வை 'மனந்திரும்புதல்' என்று வேதாகமத் தமிழ் சொல்வது மிகச் சரி: வேர் 'திரும்பு'. கேள்விக்குச் சொல்லும் பதிலும் தெஷுவாதான்.

எப்போது சொல்வது

'மஸால்' என்றால் நட்சத்திரம், ராசி. 'மஸால் தோவ்' நேர்பொருளில் 'நல்ல ராசி'. தமிழில் 'அவனுக்கு ராசி நல்லா இருக்கு' என்று சொல்வதுபோலவே பொருள் நகர்ந்திருக்கிறது. ஆனால் இது நடந்து முடிந்த நல்ல காரியத்துக்குச் சொல்வது. திருமணத்தில் மணமகன் கண்ணாடியைக் காலால் உடைத்தவுடன் கூட்டம் முழுதும் 'மஸால் தோவ்' என்று கத்தும். தேர்வுக்குப் போகிறவரிடம் சொல்லக் கூடாது, அவருக்கு 'பெஹட்ஸ்லஹா', 'வெற்றியோடு'.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடமும் மஸால் தோவ் சொல்வதில்லை, குழந்தை இன்னும் வரவில்லை. 'பெஷாஆ தோவா' என்பார்கள்: 'நல்ல நேரத்தில்'. நம் பாட்டிமார் சொல்வதும் அதே சொல்தான்.

வெள்ளி மாலை முதல் 'ஷப்பாத் ஷாலோம்', சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்தபின் 'ஷாவுவா தோவ்', நல்ல வாரம். பண்டிகைக்கு 'ஹாக் ஸமேயாஹ்'. புத்தாண்டுக்கு 'ஷனா தோவா'. அதற்கும் யோம் கிப்பூருக்கும் இடையில் 'க்மார் ஹதிமா தோவா', பெயர் நல்ல ஏட்டில் முத்திரையிடப்படட்டும் என்று. யோம் கிப்பூருக்கு முன் 'ட்ஸோம் கால்', உபவாசம் எளிதாகட்டும். ஆலயம் இடிந்த நாளான 'திஷா பெஅவ்' அன்று வணக்கம் சொல்வதே இல்லை. தோராவை ஓத அழைக்கப்பட்டு மேடையேறி இறங்கி வருபவரிடம் கை குலுக்கி 'யஷெர் கோஆஹ்' என்பார்கள், 'உன் வலிமை நேராக இருக்கட்டும்'. மேடையேறுவதற்கு 'அலியா' என்று பெயர், 'ஏறுதல்'. ஷப்பாத் காலையில் ஏழு அலியா, திங்கள் வியாழனில் மூன்று. இஸ்ரேலுக்குக் குடிபெயர்வதும் அலியாதான்.

துக்க வீடு தனி. உள்ளே போகும்போது 'ஷாலோம்' சொல்லாதீர்கள். சும்மா உட்காருங்கள், துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசட்டும். எழுந்து வரும்போது சொல்லும் வாக்கியம் ஒன்றுதான், அஷ்கெனாஸி வழக்கில்: 'ஹமாகோம் யெநஹேம் எத்ஹெம் பெதோஹ் ஷெஆர் அவெலே ட்ஸியோன் விருஷலாயிம்'. சீயோன், எருசலேமின் துக்கக்காரர் நடுவே 'அந்த இடம்' உங்களைத் தேற்றட்டும். 'மாகோம்' என்றால் இடம், இங்கே அது கடவுளின் பெயர். எல்லா இடமும் ஆனவர் என்பதால். இந்த வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு வீட்டில்

பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், எருசலேமில் 40 நிமிடம் முன். அதற்குள் போய்ச் சேருங்கள். கடைப்பிடிக்கும் வீடாக இருந்தால் கைபேசியையும் நோட்டையும் வெளியே எடுக்கக் கூடாது. ஷப்பாத்தில் விலக்கிய 39 வகை வேலைகளில் எழுதுதல் ஒன்று, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அதற்கு வைக்கும் அளவு இரண்டெழுத்து. அவ்வளவுதான், இரண்டே எழுத்து. ஆகவே காதில் விழுவதை மனத்தில் வாங்கி சனி இரவுக்குப் பிறகுதான் எழுத முடியும். ஐந்து சொல்லுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கித்துஷ் கிண்ணம் குறைந்தது ஒரு 'ரெவிஈத்' கொள்ள வேண்டும். 'கால்' என்று பொருள், 'நான்கு' என்ற வேர், 'லோக்' என்னும் பழைய அளவில் கால்பங்கு. ஒரு கணக்கில் 86 மில்லி, இன்னொரு கணக்கில் 150 மில்லி. ஆசி முடிந்ததும் கேட்டவர்கள் 'ஆமென்' என்பார்கள். மற்றவர் சொன்ன ஆசிக்கு ஆமென் சொல்வது முறை, தான் சொன்னதற்குத் தானே சொல்வது பொதுவாக இல்லை.

அடுத்து வருவதுதான் புதியவர்கள் மனம் நோகும் இடம். எல்லாரும் எழுந்துபோய் இருபிடிக் குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அதன்பின் யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் அந்த நேரம் பார்த்து 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்று கேட்டால் வீட்டுக்காரர் உதட்டை மூடிக்கொண்டு கையால் சைகை காட்டுவார், கோபம் போலத் தெரியும். கோபமில்லை. கை கழுவிய ஆசிக்கும் ரொட்டியின் ஆசிக்கும் இடையில் பேச்சு வரக் கூடாது. இரண்டு ஹல்லா ரொட்டியின்மீது ஆசி சொல்லி, வெட்டி, உப்பில் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டதும் பேச்சு திரும்பிவிடும். அப்போது கேளுங்கள், மேசை முழுதும் சேர்ந்து விளக்கும்.

ஜெபாலயத்தில் கேட்க வேண்டியவர் 'கப்பாய்'. யாரை மேடைக்கு அழைப்பது என்று நடத்துபவர், முற்காலத்தில் ட்ஸெதாக்கா வசூலித்தவருக்கான பெயர். ஆராதனை தொடங்குமுன் அவரிடம் கேட்கலாம். நின்றபடி மெதுவாகச் சொல்லும் 'அமிதா' ஜெபத்தின்போது யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய 'மின்யான்' சேர்ந்ததா என்று பார்ப்பதும் அவர்தான், பத்துப் பேர் வேண்டும். வேர் 'எண்ணு'. பழைய மரபைக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் ஜெபாலயத்தில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள், சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் ஜெபாலயத்தில் பெண்களும் கணக்கில் உண்டு.

கடவுளின் பெயரும் காகிதமும்

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு 'யெகோவா' பழகிய சொல். யூதர் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம். நான்கெழுத்துள்ள அந்தப் பெயரை அவர்கள் உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் அதே இடத்தில் 'அதோனாய்' என்று வாசிப்பார்கள், பேச்சில் 'ஹஷெம்' என்பார்கள், 'அந்தப் பெயர்'. நான்கெழுத்தின் மேல் அதோனாயின் உயிர்க்குறிகளைப் போட்டு அச்சிட்டதை அப்படியே கூட்டி வாசித்ததால் பிறந்ததுதான் 'யெகோவா' என்ற உருவம்.

நீங்கள் பயிற்சிக்காக எழுதிய தாளில் அந்த நான்கெழுத்து இருந்தால் குப்பையில் போடக் கூடாது. ஜெபாலயத்தில் 'கெனிஸா' என்று ஓரிடம் இருக்கும், 'ஒளித்துவைத்தல்' என்ற வேர். கிழிந்த ஜெபப் புத்தகங்களை அங்கே சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். பயிற்சித் தாளில் அந்தப் பெயருக்குப் பதில் ஹே எழுத்தை மட்டும் எழுதி ஒரு கோடு போடுவது எளிய வழி. கெய்ரோவின் பழைய ஜெபாலயக் கெனிஸாவில் இப்படிச் சேர்ந்த தாள்களில்தான், 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் கிடைத்தன.

சனி இரவு: நோட்டும் அகராதியும்

ஒரு சொல்லுக்கு ஐந்து வரி ஒதுக்குங்கள்: எழுத்துகளின் பெயர், வேர், மொழி, யார் எப்போது சொன்னார், அதே வேரில் ஏற்கெனவே தெரிந்த சொல். தமிழ்ப் பொருள் ஆறாவது வரி, கடைசியில்.

வேதாகம எபிரேய அகராதிகள் பல வேர் வரிசையில் இருக்கும், 'மிஹ்தாவ்' வேண்டுமென்றால் காஃப் எழுத்துக்குப் போக வேண்டும். இன்றைய அகராதியில் மேமிலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் நடுவிலுள்ள வாவையோ யோத்தையோ எடுத்துவிட்டுத் தேடுங்கள். உயிர்க்குறி இல்லாமல் எழுதும்போது வாசிக்க வசதியாக அவற்றைக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

பழஞ்சொல்லுக்கு இன்றைய பொருளைப் பொருத்திவிடும் தவறு எல்லாருக்கும் வரும். சங்கப் பாட்டில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்று தெரியாதவர் என்ன பாடுபடுவார்! எசேக்கியேல் 1:4-இல் நெருப்பின் நடுவே ஒளிரும் 'ஹஷ்மால்' இன்று மின்சாரத்துக்கான சொல். தீர்க்கதரிசி மின்சாரத்தைப் பார்க்கவில்லை.

நமக்கு நெருங்கிய ஒரு சொல்லும் இப்படி இடம் மாறியது. 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு 'துக்கியிம்' என்ற ஒன்றையும் கொண்டுவருகின்றன. 'இம்' என்ற பன்மை வாலை எடுத்துவிட்டால் 'துக்கி'. தமிழ் வேதாகமம் 'மயில்கள்' என்கிறது. இது தமிழின் 'தோகை'தான் என்று கால்டுவெல் உட்பட அறிஞர் பலர் சொல்லிவந்திருக்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி, மயிலுக்கு 'தவாஸ்' என்று வேறு சொல் வந்துவிட்டது. மூன்று மெய் வேரை இதில் தேடாதீர்கள், கப்பலேறி வந்த சொல்.

எழுத்தே எண்: கல்லறையும் மொய்ப்பணமும்

தமிழில் 'அ' எட்டு, 'வ' கால் என்று இருந்ததுபோல எபிரேய எழுத்துகளும் எண்கள். அலெஃப் முதல் யோத் வரை 1 முதல் 10. காஃப் 20 தொடங்கி ட்ஸாதி 90 வரை பத்துப் பத்தாக. கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. யோத்தும் ஹெத்தும் சேர்ந்தால் 18, அதே இரண்டெழுத்து 'ஹாய்', 'உயிருள்ள'. அதனால் திருமணத்துக்கும் பார் மிட்ஸ்வாவுக்கும் பணமாகக் கொடுப்பவர்கள் 18, 36, 180 என்று 18-இன் மடங்கில் கொடுப்பார்கள். நாம் 101, 501 என்று மொய் எழுதுவதுபோல. 15-ஐ யோத்-ஹே என்றும் 16-ஐ யோத்-வாவ் என்றும் எழுத மாட்டார்கள், அவை கடவுள் பெயரின் எழுத்துகள். தெத்-வாவ் (9+6), தெத்-ஸாயின் (9+7) என்று சுற்றிப்போவார்கள்.

இது தெரிந்தால் கல்லறைக் கல்லை வாசித்துவிடலாம். சென்னை லாயிட்ஸ் சாலையில் சிறு யூத இடுகாடு உண்டு, 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கும் மட்டாஞ்சேரியிலும் உண்டு. எபிரேயக் கல்லின் தலையில் பே, நுன் இரண்டெழுத்து இருந்தால் 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். ஆண்டில் ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம். தாவ்-ஷின்-பே-ஹே என்று இருந்தால் 400, 300, 80, 5, கூட்டினால் 785, முன்னால் 5000 சேர்த்து 5785. அதிலிருந்து 3760-ஐக் கழித்தால் 2025. எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அப்போதிருந்து டிசம்பர் வரையுள்ள நாளாக இருந்தால் 3761-ஐக் கழிக்க வேண்டும், 2024. மாதத்தின் பெயரைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் ஓராண்டு தவறுவார்கள்: ஆண்டின் முதல் மூன்று மாதங்களான திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றால் பெரும்பாலும் 3761.

கல்லின் அடியில் தாவ், நுன், ட்ஸாதி, பெத், ஹே என்று ஐந்தெழுத்து இருக்கும். 1 சாமுவேல் 25:29-ஐ ஒட்டிய வரியின் முதலெழுத்துகள்: 'அவர் உயிர் வாழ்வோரின் முடிச்சில் முடிந்திருக்கட்டும்'. இதில் முடிச்சு 'ட்ஸ்ரோர்', முடிந்திருப்பது 'ட்ஸ்ரூரா'. வேர் ஒன்றுதான். பூ வைக்க வேண்டாம், ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு, வெளியே வந்ததும் கை கழுவிக்கொள்ளுங்கள்.